கோஹிமா மலையில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை?

வாசகர் கேள்வி, 9 நவம்பர் 2019

டிசம்பரில் ஹார்ன்பில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு நாகாலாந்து போகிறோம். இரண்டாம் உலகப்போரில் இறந்த வீரர்களின் கோஹிமா போர்க் கல்லறைக்கு அரை மணி நேரம் போதுமா? அங்கே வெள்ளைக்காரர்களுக்குத்தான் கல்லறை, நம் ஆட்களுக்கு ஒன்றுமே இல்லை என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

9 நவம்பர் 2019, இரவு 10.15

அரை மணி போதாது. ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

வேலை காரணமாக நான் மூன்று வருடம் திமாப்பூரில் இருந்தேன். அங்கிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை, மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்தால் சுமோவிலேயே அரைநாள் போய்விடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அழைத்துப்போனது இந்தக் கல்லறைக்குத்தான். பதினைந்து தடவைக்கு மேல் ஏறியிருப்பேன்.

ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊரின் நடுவில், வண்டிகள் நெரியும் நெடுஞ்சாலைக்கு மேலேயே இருக்கிறது. மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் அங்காமி நாகா மக்களின் கிராமங்களில் இருக்கும் நெல்வயல்கள் மாதிரியே. அந்த அடுக்குகளில் 1,420 கல்லறைகள். நெட்டுக்கல் கிடையாது. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல் மேடை, அதன் சாய்ந்த முகத்தில் ஒரு வெண்கலத் தகடு. தகட்டில் படைப்பிரிவின் சின்னம், எண், பெயர், இறந்த நாள், வயது. அடியில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி. நின்றபடி படிக்க முடியாது, குனிய வேண்டும். ஒரு வரிசையை முடிப்பதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். ஆனாலும் அடுத்த வரிசையைப் படிக்காமல் போக மனசு வராது.

நம் ஆட்களைப் பற்றிக் கேட்டால், எனக்கும் கசப்புதான். இந்து, சீக்கியப் படைவீரர்கள் 917 பேரின் பெயரை ஒரே இடத்தில் பட்டியலாகப் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். உங்களிடம் சொன்னவர் சொன்னது ஏறக்குறைய சரி.

10 நவம்பர் 2019, காலை 6.40

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, ‘ஒதுக்கிவிட்டார்கள்’ என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அது தவறு.

அந்த 917 பேரின் நினைவுச்சின்னம் இருப்பது கல்லறைத் தோட்டத்தின் ஆக உயரமான இடத்தில். அத்தனை அடுக்கையும் ஏறி முடித்தால்தான் அங்கே போக முடியும். அவர்களுக்குத் தனிக் கல்லறை இல்லாததற்குக் காரணம், அவரவர் முறைப்படி தகனம் செய்யப்பட்டவர்கள் என்பது. எரித்தவருக்கு எங்கே மண் மேடு எழுப்புவது? அதனால் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். புதைக்கப்பட்ட இந்திய முஸ்லிம் வீரர்களுக்கு மற்றவர்களைப் போலவே தனித்தனிக் கல்லறையும் தகடும் உண்டு.

முதல் தடவை போனபோது மேலே ஏறாமல் பாதியில் திரும்பியவன் நான். அந்தக் கோபம்தான் மனதில் தங்கி நேற்று எழுத்தில் வந்துவிட்டது. மன்னிக்கவும்.

10 நவம்பர் 2019, பகல் 1.05

வெளி மாநிலத்தவர் நாகாலாந்துக்குள் நுழையத் தேவையான அனுமதிச் சீட்டை, இன்னர் லைன் பெர்மிட்டை, முன்னாடியே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதனால் மதியத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் ஒன்று போதாது.

12 நவம்பர் 2019, இரவு 9.30

டென்னிஸ் கோர்ட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், கல்லறைக்கு நடுவில் ஒரு டென்னிஸ் கோர்ட்டின் கோடுகள் இருக்கின்றன. வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்திருக்கிறார்கள். சுற்றிலும் கல்லறை, நடுவே ஆட்டக்கோடு. தெரியாமல் வந்தவர்கள் சற்று நேரம் குழம்பித்தான் நிற்பார்கள்.

அது மாவட்டத் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாத் தோட்டம். 1944 ஏப்ரல் 4 அன்று ஜப்பானின் 31ஆவது டிவிஷன் கோஹிமாவை வந்து தாக்கியது. ஏறக்குறைய 15,000 பேர். தளபதி கோத்தோகு சாத்தோ. மலைமுகட்டில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் இந்தியத் தரப்பினர் சுமார் 2,500 பேர், அதிலும் ஆயிரம் பேர் சண்டை போடாத பணியாளர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் எல்லாம் கலந்த கூட்டம். தண்ணீர் வழியை ஜப்பானியர் அடைத்துவிட, ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குத்தான் கிடைத்தது. இரண்டு வாரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு கட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி அந்த டென்னிஸ் கோர்ட் மட்டும்தான். இந்தப் பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கைக்குண்டு வீசினார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் உதவிப்படை வந்து சேர்ந்தது, ஆனால் அதற்கப்புறமும் மூன்று வாரத்துக்கு மேல் அந்தக் கோர்ட் யாருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை. கடைசியில் மே 13 அன்று ஒரு டாங்கியைச் சரிவில் எப்படியோ மேலே ஏற்றி, பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்டுத்தான் பிரிட்டிஷ் டோர்செட் படைப்பிரிவினர் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

அங்கே ஒரு செர்ரி மரமும் இருக்கிறது. போரில் அதன் மறைவிலிருந்து ஒரு ஜப்பானியத் துப்பாக்கி வீரர் சுட்டுக்கொண்டிருந்தார். மரம் சிதறிவிட்டது, அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்ததுதான் இப்போது நிற்பது. அதற்கும் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள்.

தகடுகளைத் துடைக்கும் தோட்டக்காரர் ஒருவரை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் அங்கே எதிலும் பாசி பிடிக்கும். எழுத்துகளின் இடுக்கில் தங்கும் பச்சையைச் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து எடுப்பார். ஒரு தகட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். ‘கடைசித் தகட்டை முடிக்கும்போது முதல் தகட்டில் மறுபடி பாசி வந்திருக்கும்’ என்று அங்கே பொதுவாகப் பேசும் நாகாமீஸ் மொழியில், என்னுடைய அரைகுறை அறிவுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புகார் மாதிரி சொல்லவில்லை. மாடு கறப்பவர் நாளைக் காலையும் கறக்க வேண்டும் என்று சொல்வதுபோல இருந்தது.

15 நவம்பர் 2019, இரவு 11.00

நுழைந்ததும் கீழே நிற்கும் பெரிய கல்லைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷனின் நினைவுக்கல். நாகா மக்கள் இறந்தவர்களுக்காக நிறுத்தும் நெடுங்கல்லைப் போலவே நிறுத்தியிருக்கிறார்கள். நடுகல் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகவே தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு கல் நிற்கிறது, யாருடையது என்று இன்று யாருக்கும் தெரியாது. கோஹிமாவில் அந்தக் கல்லின் முன் நின்றபோது கண்மாய்க்கரைக் கல்தான் ஞாபகம் வந்தது.

அதில் உள்ள வரி ஜான் மாக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் எழுதியதாகச் சொல்கிறார்கள். தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று மதுரை நண்பர் கேட்டிருக்கிறார். என் முயற்சி:

வீடு போய்ச் சேர்ந்தால் எங்களைச் சொல்லுங்கள்: உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று.

16 நவம்பர் 2019, காலை 7.20

‘இன்றைக் கொடுத்தோம்’ நாக்கில் ஒட்டவில்லை. இப்படி இருந்தால்?

உங்கள் நாளைக்காக எங்கள் நாளைக் கொடுத்தோம்.

முதல் ‘நாளை’ வரப்போகிற நாள். இரண்டாவது, வாழ்ந்திருக்க வேண்டிய நாள். மூலத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறது, தெரிகிறது. ஆனால் தகட்டில் 19, 20, 21 என்று வயதுகளைப் படித்துவிட்டு இறங்கி வருபவருக்கு இதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

16 நவம்பர் 2019, மாலை 5.50

வேண்டாம், முதலில் எழுதியதே இருக்கட்டும். கல்லில் எழுதியவர் சொல்லாததை நான் சேர்க்கக் கூடாது.

21 நவம்பர் 2019, இரவு 8.45

ஜப்பானியர்களுக்குக் கல்லறை எங்கே என்ற கேள்விக்கு: அந்த மலையில் இல்லை. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

இம்பால், கோஹிமா படையெடுப்பில் ஜப்பான் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 30,000 பேர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி குண்டடி பட்டு இறக்கவில்லை. பட்டினி, மலேரியா, வயிற்றுப்போக்கு. சாத்தோவின் படை மூன்று வாரச் சாப்பாட்டோடு சிந்துவின் ஆற்றைக் கடந்து வந்தது, அப்புறம் எதுவும் வந்து சேரவில்லை. அவர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினார், கடைசியில் உத்தரவை மீறித் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். அதற்காகப் பதவியைப் பறித்தார்கள். பருவமழையில் அவர்கள் திரும்பிப்போன பாதைக்கு ஜப்பானிய வீரர்கள் வைத்த பெயர் ‘வெள்ளெலும்புச் சாலை’.

திருத்தம்: அவசரத்தில் ‘சிந்துவின்’ என்று அடித்துவிட்டேன். சிந்த்வின் ஆறு, பர்மாவில் ஓடுவது. நம் சிந்து நதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அவர்களுக்கான நினைவிடம் இம்பாலுக்குத் தெற்கே, திட்டிம் சாலையில், செங்குன்று என்று சொல்லும் மைபாம் லோக்பா சிங் அடிவாரத்தில் இருக்கிறது. ஜப்பான் அரசு 1994இல் கட்டியது. இந்த ஆண்டு ஜூன் மாதம் பக்கத்திலேயே இம்பால் அமைதி அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். கோஹிமாவிலும் அரதூரா குன்றின் மேல் இருக்கும் பெரிய கத்தோலிக்கப் பேராலயத்துக்கு ஜப்பானியர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள், இங்கே இறந்தவர்களை நினைத்து. மகன் எங்கே கிடக்கிறான் என்றே தெரியாத ஒரு வீட்டார் வேறென்னதான் செய்ய முடியும்?

22 நவம்பர் 2019, மதியம் 2.10

நாகாக்கள் பெயர் எங்கே என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். இவர்கள் ஊரில், இவர்கள் வீட்டுக் கூரையின் மேல் நடந்த சண்டை. சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கினார்கள், ஜப்பானியர் எங்கே இருக்கிறார்கள் என்று உளவு சொன்னார்கள். அஸ்ஸாம் ரெஜிமென்டில் சேர்ந்து சண்டை போட்டு இறந்தவர்கள் பெயர் பதிவில் இருக்கிறது. சுமை தூக்கி இறந்தவர்களை அப்படி ஒவ்வொருவராகத் தகட்டில் தேட முடியாது. திமாப்பூர் – இம்பால் சாலையை அகலப்படுத்த அழைத்துவரப்பட்ட அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளுக்கும் அதே கதைதான்.

1 டிசம்பர் 2019, இரவு 9.00

இம்பாலும் போகிறவர்களுக்கு: அங்கே இரண்டு கல்லறைகள். இம்பால் போர்க் கல்லறையில் 1,600 பேர். நிறையப் பேர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இந்திய ராணுவப் போர்க் கல்லறைக்கும் போங்கள். 828 கல்லறைகள், 868 இந்து, சீக்கிய வீரர்களின் தகன நினைவுச்சின்னம். இந்திய முஸ்லிம் வீரர்களும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் அங்கேதான் இருக்கிறார். 9ஆவது ஜாட் ரெஜிமென்ட், 1944 ஏப்ரல் 6 அன்று இறந்தார், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர். நான் போயிருந்த அன்று முழுக் கல்லறையிலும் என்னைத் தவிர ஒருவர்கூட இல்லை.

இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) நினைவகம் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் அலி மாலிக் அங்கே மூவர்ணக்கொடி ஏற்றினார். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த நம் தமிழர்கள் எத்தனையோ பேர் இந்த மண்ணில் விழுந்தார்கள்.

3 டிசம்பர் 2019, காலை 8.15

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். சிங்கப்பூர் நண்பர் சுட்டிக்காட்டியது சரி. மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தது உண்மை. ஆனால் இம்பால் பக்கம் வந்த முதல் டிவிஷனில் பெரும்பாலோர், ஏற்கெனவே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து ஜப்பானியரிடம் கைதானவர்கள். நம் ஆட்கள் இங்கேயும் இருந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதிவிட்டேன். மொய்ராங்கில் இருப்பது, சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டி, பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் தகர்த்த ஐ.என்.ஏ. நினைவுச்சின்னத்தின் நகல். அதை நேரில் பாருங்கள்.

5 டிசம்பர் 2019, இரவு 11.40

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாளாக யோசித்தேன். இந்த மண்ணில் தமிழர் விழுந்தது உண்மைதான். படைவீரராக விழவில்லை, நடந்து வந்து விழுந்தார்கள்.

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பி நடந்தார்கள். அதில் ஒரு வழி, பர்மா எல்லை ஊரான தமுவிலிருந்து பாலேல், இம்பால், திமாப்பூர். திமாப்பூரில்தான் ரயில். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழிநெடுகப் பல ஆயிரம் பேர் இறந்தார்கள்.

எங்கள் அப்பத்தா அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை, ரங்கூனிலிருந்து அந்த வழியாக வந்தவர். தமு தாண்டி ஒரு மேட்டில் அவருடைய அண்ணன் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நின்று அழவும் விடாமல் பெரியவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்களாம். திமாப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அப்பத்தாவின் கையில் அண்ணனின் துண்டு மட்டும் இருந்தது. எனக்குத் திமாப்பூருக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் எல்லோரும் தூரம் என்று புலம்ப, அப்பத்தா மட்டும் ‘அந்த ஸ்டேஷன் இன்னும் இருக்கா?’ என்று கேட்டார்.

ஒரு விடுமுறையில் இம்பாலிலிருந்து, தமுவுக்கு எதிரே நம் எல்லையில் இருக்கும் மோரே வரை போனேன். தெங்நௌபாலைத் தொடும்போது மேகத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். 1944இல் ஷெனாம் கணவாய்ச் சண்டை நடந்தது அந்த முகடுகளில்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அதே பக்கமாகத்தான் அப்பத்தா நடந்து வந்திருக்கிறார். மோரேயில் தமிழ் கேட்டது. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். நடந்து வந்து இறந்தவர்களுக்கு ஏதாவது கல் உண்டா என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் சாலையைக் காட்டி, ‘இதுதான் தம்பி’ என்றார்.

19 டிசம்பர் 2019, இரவு 7.30

கேள்வி கேட்டவர் போய்த் திரும்பிவிட்டார், மகிழ்ச்சி. மேலே வரை ஏறினார்களாம், 917 பேர் பட்டியலில் அவருடைய மகள் பெயர்களை உரக்கப் படித்தாளாம். மூன்று மணி நேரம் ஆகியிருக்கிறது.

24 ஏப்ரல் 2021, மாலை 6.00

பழைய இழை, ஆனால் இதை இங்கேதான் சேர்க்க வேண்டும். கோஹிமா, இம்பால் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் கமிஷன் இந்த வாரம் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பதிக்கப்படவில்லை அல்லது எந்தச் சின்னமும் இல்லை.

2019இல் நான் முதல் நாள் எழுதிய கோபம் கோஹிமாவுக்குப் பொருந்தாது. அந்தத் திருத்தம் அப்படியே நிற்கட்டும். ஆனால் அந்தக் கோபத்துக்கு வேறு இடங்களில் நியாயம் இருந்திருக்கிறது.

2 மே 2024, இரவு 10.20

போர் நடந்து எண்பது வருடம். மணிப்பூரில் போன மே மாதம் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு இம்பால் – மோரே சாலையில் முன்போலப் போய்வர முடியவில்லை. அந்த இட்லிக் கடைப் பெரியவர் எப்படி இருக்கிறாரோ.

அப்பத்தா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு தாளில் அவருடைய அண்ணனைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். தகட்டில் இருக்கிற வரிசையிலேயே: பெயர், நாள், வயது, இடம். பெயரிலேயே நின்றுவிட்டேன். அப்பத்தா வாழ்நாள் முழுக்க ‘அண்ணன்’ என்றுதான் சொன்னார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அத்தைக்கு போன் போட்டேன், அத்தைக்கும் ‘பெரிய மாமா’ என்றுதான் தெரியும்.

5 மே 2024, காலை 6.55

அத்தை திரும்பக் கூப்பிட்டார். போருக்கு முன்னால் ரங்கூனிலிருந்து ஊருக்கு அனுப்பிய ஒரு தேக்குப் பெட்டி மச்சில் கிடக்கிறதாம். மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் யாரோ பெயர் எழுதியிருப்பதாக ஞாபகம் என்கிறார். மேலே ஏறிப் பார்க்க அவரால் முடியாது. சனிக்கிழமை நான் போகிறேன்.